ட்ரிப்ஸ் ஏறுவதற்கு முன் ஒரு குப்பி

ஒரகடம் சிப்காட்டில் அக்னி நட்சத்திர வெயிலில் மூன்று பேருக்கு ஒரே நாளில் உடம்புக்கு முடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பீகாரிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆன 24 வயது இளைஞர். ஃபோர்ஜிங் பட்டறையில் உலைக்கு எதிரே நிற்பவர். இன்னொருவர் 52 வயது செக்யூரிட்டி. ரத்தக் கொதிப்புக்காக வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்றாமவர் புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் ஓட்டுநர். ஒரு வாரமாக இருமலும் காய்ச்சலும். மூவருக்கும் தலைசுற்றல், குமட்டல், பேச்சில் ஒரு தடுமாற்றம். மூவரின் ரத்தத்திலும் சோடியம் 124. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

“வெயில்ல மயக்கம். ஒரு பாட்டில் ஏத்துங்க, சரியாயிடும்” என்பதுதான் இந்தப் பகுதியில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை உள்ள சிறு மருத்துவமனைகளில் கோடை மாதங்களில் அதிகம் செலவாகும் பொருட்களில் சலைன் பாட்டிலும் ஒன்று. முதல் ஆளுக்கு அது உயிர் காக்கும். இரண்டாமவருக்கு மாத்திரையை நிறுத்தாமல் சலைன் மட்டும் ஏற்றினால் பிரச்சினை திரும்பி வரும். மூன்றாமவருக்கோ அதே சலைன் சோடியத்தை இன்னும் கீழே இறக்கிவிடக்கூடும்.

மூவரையும் பிரித்துக் காட்டும் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கும் அதே எலக்ட்ரோலைட் இயந்திரங்களில் பெரும்பாலானவை சிறுநீரிலும் பார்க்கும். ஒரு குப்பி சிறுநீர் போதும். ஆனால் அது ட்ரிப்ஸ் ஏறுவதற்கு முன் எடுத்ததாக இருக்க வேண்டும். எளிய, விலை குறைந்த இந்தப் பரிசோதனை பல இடங்களில் மறந்தே போகிறது என்பதுதான் வருத்தம்.

ரத்தப் பரிசோதனை கையிருப்பைச் சொல்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை செலவுக் கணக்கைச் சொல்கிறது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சோடியம் ஏறக்குறைய 25,000 மில்லிமோல். சமையல் உப்பாக நிறுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. அதில் வெளியே போவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் மீண்டும் உடலுக்குள் இழுக்கப்படுகிறது. எவ்வளவு விடுவது, எவ்வளவு இழுப்பது என்பதை உடலின் அன்றைய தேவைதான் தீர்மானிக்கிறது. ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்டவரின் சிறுநீரில் சோடியம் 150 இருந்தால் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். வியர்த்துக் கொட்டி உப்பை இழந்தவரிடம் அது 10-க்குக் கீழே இருந்தாலும் அதே பொருள்தான்.

ஆகவே சிறுநீர் சோடியத்துக்கு ‘நார்மல்’ என்று ஓர் எண் கிடையாது. 24 மணி நேரச் சிறுநீருக்குரிய வரம்பு எண்களை ஒருவேளைச் சிறுநீரின் முடிவுக்குப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தால், படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த உடல் இருக்கும் நிலையில் சிறுநீரகம் என்ன செய்ய வேண்டும்? அதைத்தான் செய்கிறதா?

இப்போது மூவரிடமும் திரும்பலாம்.

ஃபோர்ஜிங் இளைஞரின் சிறுநீர் சோடியம் 8. உலைச் சூட்டில் லிட்டர் கணக்கில் வியர்த்தார். தாகத்துக்கு வெறும் தண்ணீரைக் குடித்தார். உப்பு போனது, தண்ணீர் மட்டும் திரும்பியது. சிறுநீரகம் ஒரு சிட்டிகை உப்பைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொதுவாக 20-க்குக் கீழே இருந்தால் உடலில் நீரும் உப்பும் வற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். இவருக்கு சலைன்தான் மருந்து.

செக்யூரிட்டியின் சிறுநீர் சோடியம் 70. ரத்தத்தில் சோடியம் இவ்வளவு இறங்கியும் சிறுநீரகம் உப்பை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அவருடைய சட்டைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டையைப் பார்த்தால் காரணம் தெரியும். கொதிப்பு மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் அதில் கலந்திருக்கிறது என்பதன் குறி அது.

டிரெய்லர் ஓட்டுநருக்கும் சிறுநீர் சோடியம் 70-தான். ஆனால் அவர் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. உடலில் நீர் வற்றிய அறிகுறியும் இல்லை. நுரையீரல் தொற்று, தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனைத் தேவையில்லாமல் சுரக்க வைத்திருக்கிறது. சிறுநீரின் அடர்வை அளந்தால் இது இன்னும் தெளிவாகும். ரத்தத்தில் சோடியம் இவ்வளவு குறைந்திருந்தால் சிறுநீர் தண்ணீர்போல நீர்த்திருக்க வேண்டும், அடர்வு 100-க்குக் கீழே வர வேண்டும். இவருக்கோ 550. இவருக்கு ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால், அதிலுள்ள 154 மில்லிமோல் சோடியத்தைச் சிறுநீரகம் அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான சிறுநீரிலேயே தள்ளிவிட்டு, மீதித் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும். சோடியம் இன்னும் சரியும்.

முதல் ஆளிடமும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. சலைன் ஏறி உடல் நிறைந்ததும், அதுவரை தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த ஹார்மோன் சட்டென்று நின்றுவிடும். வெளிறிய சிறுநீர் லிட்டர் கணக்கில் போகத் தொடங்கும். ரத்த சோடியம் விறுவிறுவென ஏறும். 24 மணி நேரத்தில் 8 மில்லிமோல் என்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. வேகமாக ஏறினால், குறிப்பாகச் சில நாட்களாகவே சோடியம் குறைந்திருந்தவருக்கு, மூளைத்தண்டின் நரம்பு உறைகள் சிதையலாம். அப்படிச் சிதைந்தவர்களில் சிலர் கை கால் அசைக்க முடியாமல் போயிருக்கிறார்கள். சிறுநீர்ப் பையைக் கண்காணிக்கும் செவிலியர் ‘நிறைய போகுது டாக்டர்’ என்று சொல்வது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாத தருணம் இது.

வெயிலில் உழைப்பவரின் சிறுநீரில் உப்பைத் தேடுவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டப்பட்டபோது, 1932 கோடையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வுக்கூடத்தினர் அந்தப் பாலைவனத்துக்கே போய்த் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். தசைப்பிடிப்பால் துடித்தவர்களின் ரத்தத்தில் சோடியமும் குளோரைடும் குறைந்திருந்தன; சிறுநீரில் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. இங்கிலாந்தில் மெக்கன்ஸ் என்ற மருத்துவர் இன்னொரு வழியில் அதையே பார்த்தார். உப்பில்லாத உணவு கொடுத்து, சூட்டில் வியர்க்க வைத்து, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் உடலிலிருந்து உப்பை வெளியேற்றினார். சோதனைக்கு உட்பட்டவர்களில் அவரும் ஒருவர். சாப்பாட்டில் ருசி போனது, சிறு வேலைக்கே மூச்சு வாங்கியது, தசைகள் இழுத்துப் பிடித்தன. சிறுநீரில் சோடியம் அநேகமாக மறைந்தே போனது. 1936-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்.

சிறுநீரில் உப்பை அளக்க, அதே 1936-இல் சிகாகோவின் பெர்னார்ட் ஃபான்டஸ் சொன்ன முறை அழகானது. சோதனைக் குழாயில் 10 சொட்டு சிறுநீர். அதில் ஒரு சொட்டு பொட்டாசியம் குரோமேட். மஞ்சள் நிறம் வரும். பிறகு சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள், செங்கல் நிறமாக மாறும்வரை எத்தனை சொட்டு விழுந்ததோ, லிட்டருக்கு அத்தனை கிராம் உப்பு. ஒரே சொட்டில் நிறம் மாறிவிட்டால் நோயாளி உப்பு வற்றிப்போயிருக்கிறார். மின்சாரம் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். இந்த ஃபான்டஸ்தான் அடுத்த ஆண்டு சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் ரத்த வங்கியைத் தொடங்கி, ‘பிளட் பேங்க்’ என்ற பெயரையும் வைத்தவர். சொட்டு எண்ணும் அவருடைய பரிசோதனையை 1940-களில் பிரிட்டிஷ் மருத்துவர் மேரியட் பரவலாக்கினார்.

ஊருக்குப் புதிதாக வந்தவர் ஏன் முதலில் விழுகிறார் என்பதற்கும் சிறுநீரிலேயே விடை இருக்கிறது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடலில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையால் வியர்வையிலும் சிறுநீரிலும் உப்பு குறைகிறது. பழகாதவரின் வியர்வையோ கரிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான், வெப்பத்தில் உடல் எப்படிப் பழகுகிறது என்று ராணுவத்துக்காக ஆராய்ந்தபோது கவனித்தது இது. அந்த அனுபவம்தான் பின்னால், பொட்டாசியம் குறைந்து, ரத்தக் கொதிப்பும் தசைத் தளர்ச்சியுமாக வந்த 34 வயதுப் பெண் ஒருவரிடம் ஆல்டோஸ்டிரோன் மிகையாகச் சுரக்கும் நோயை அடையாளம் காண அவருக்கு உதவியது. 1955-இல் அவர் விவரித்த அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். சூட்டு வேலைக்குப் புதியவர்களை முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூட்டில் நிறுத்தி, நாளுக்கு நாள் அதே அளவு கூட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பதன் அடிப்படையும் இதுதான். காண்டிராக்ட்டில் வரும் தொழிலாளிக்கு இந்த ஐந்து நாள் அவகாசம் கிடைத்தால் பல மயக்கங்கள் நிகழாமலே போகும்.

ஒரகடத்திலிருந்து அதிக தூரமில்லாத போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, தொழிலாளர்கள் தாங்கும் வெப்பத்தைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறது. 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்புக்கு மேல் வேலை செய்வது தெரிந்தது. இதே குழு பெண் தொழிலாளர்களைப் பற்றி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மனத்தை இன்னும் அழுத்துவது. பணியிடத்தில் கழிப்பறை சரியில்லை என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெப்பமும் நீர்க்குறைவும் சேர்ந்து சிறுநீர்ப் பாதைத் தொல்லைகளாக வெளிப்படுகின்றன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அசெம்பிளி லைனில் பிரேக்குக்கு மணியடிக்கும்வரை நகர முடியாத ஒரு பெண்ணுக்குச் சுத்தமான கழிப்பறையும் அங்கே போய்வர நேரமும் கிடைக்காத வரை, கேனில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிரப்பி வைத்தாலும் பயனில்லை.

சோடியத்தோடு இந்தக் கதை முடிவதில்லை. அமிலச் சமநிலை குலைவதைக் கண்டுபிடிப்பதில் சிறுநீர்தான் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனதோ என்று பதறிய பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததைத் தமிழகம் பார்த்தது. இதுபோன்ற வேளைகளில் உடலுக்குள் நடப்பது என்ன? கடும் வயிற்றுப்போக்கில் குடலிலிருந்து பைகார்பனேட் என்ற காரம் வெளியேறுகிறது. ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. நல்ல சிறுநீரகம் உடனே அமிலத்தை அம்மோனியமாகக் கட்டி வெளியே தள்ளும். அம்மோனியத்தை நேரடியாக அளக்கும் வசதி நம் ஆய்வகங்களில் அபூர்வம். ஆனால் அம்மோனியம் தனியாகப் போவதில்லை, குளோரைடைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறது. ஆகவே சிறுநீரின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, குளோரைடைக் கழித்தால் போதும். சோடியம் 30, பொட்டாசியம் 25, குளோரைடு 95 என்றால் விடை மைனஸ் 40. கண்ணுக்குத் தெரியாத அம்மோனியம் அங்கே ஏராளமாக இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, கோளாறு குடலில். சோடியம் 60, பொட்டாசியம் 40, குளோரைடு 70 என்றால் பிளஸ் 30. அமிலத்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமே கைவிட்டுவிட்டது. 1988-இல் பாட்லேயும் அவருடைய குழுவினரும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய பிறகு இந்தக் கழித்தல் கணக்கு உலகமெங்கும் பரவியது.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடங்களும் உண்டு. உடல் மிகவும் வற்றி, சிறுநீர் சோடியம் 20-க்கும் கீழே போய்விட்டால் அமிலத்தை வெளியேற்றும் இயக்கமே மந்தமாகிவிடும். அப்போது வரும் பிளஸ் எண்ணை நம்பக் கூடாது. தொழிற்பேட்டைக்கு நெருக்கமான பொறி இன்னொன்று: தின்னரிலும் பசையிலும் உள்ள டொலுயீன். உள்ளே போன டொலுயீன் உடலில் ஹிப்பூரேட் என்ற அமில உப்பாக மாறி, குளோரைடுக்குப் பதிலாக அதுவே அம்மோனியத்தோடு சிறுநீரில் போகிறது. கழித்தல் கணக்கு பிளஸ் காட்டும். சிறுநீரகக் கோளாறு என்று தோன்றும். உண்மையில் அம்மோனியம் நிறையவே இருக்கும். சிறுநீரின் அடர்வை அளந்து, கணக்குப்படி வர வேண்டிய அடர்வோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். இப்படிப் பொட்டாசியம் வற்றி, அமிலம் ஏறி வருபவர்களில் பெரும்பாலோர் போதைக்காகப் பசையை முகர்பவர்கள். காற்றோட்டம் சரியாக உள்ள பெயின்ட் ஷாப்பில் இது நடப்பது அரிது. காற்றோட்டம் இல்லாத சிறு பட்டறைகளில் நாளெல்லாம் தின்னரில் துடைப்பவர்களிடம் மருத்துவர் என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

பிறகு, கால் எழும்பாத காலை. இரட்டை ஷிப்ட் முடித்து, வயிறார பிரியாணி சாப்பிட்டுப் படுத்த 28 வயது இளைஞர், விடிந்ததும் கட்டிலிலிருந்து எழ முடியாமல் அறைத் தோழர்களைக் கூப்பிடுகிறார். கை கால் துவண்டு கிடக்கின்றன. பொட்டாசியம் 2.1. பக்கவாதம் என்று பதறுவது இயல்பு. ஆனால் பொட்டாசியம் எங்கே போனது? கடும் உழைப்புக்குப் பின் மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு, இன்சுலின் ஏறி, பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து தசைக்குள் தள்ளியிருக்கலாம். ஆசிய ஆண்களில் தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களிடம் இது அதிகம். அப்படியானால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியே போகவே இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது. சிறுநீரில் அது சொற்பமாகவே இருக்கும். சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாத நோயில் நிலைமை தலைகீழ். பொட்டாசியம் சிறுநீரில் ஒழுகிக்கொண்டே இருக்கும். தென்னிந்தியாவில் கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோகிரன் நோயுள்ள பெண்கள் இப்படிக் கால் விழுந்து வருவது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது.

தைவானில் ஷீ-ஹுவா லின் குழு 2004-இல் 43 நோயாளிகளை வைத்து இதற்கு ஓர் எளிய வழி சொன்னது: ஒருவேளைச் சிறுநீரின் பொட்டாசியத்தைக் கிரியேட்டினினால் வகுங்கள். இரண்டையும் மில்லிமோலில் அளந்தால் விடை 2.5-க்குக் கீழே இருப்பது இடமாற்றம், மேலே இருப்பது ஒழுகல். வைத்தியம் அடியோடு மாறுகிறது. இடமாற்றத்துக்குப் பொட்டாசியம் கொஞ்சமாகத்தான் தர வேண்டும். அள்ளிக் கொடுத்தால், தசைக்குள் போனது திரும்பி வரும்போது அளவு மீறி இதயத்தையே நிறுத்தலாம். ஒழுகலுக்கு நிறையவும் நீண்ட நாளும் வேண்டும். அமிலம் இருக்கிறதே என்று முதலில் பைகார்பனேட்டைக் கொடுத்துவிட்டால் பொட்டாசியம் இன்னும் சரிந்து மூச்சுத் தசையும் துவளலாம்.

வாந்தி பற்றிச் சுருக்கமாக. ஓயாமல் வாந்தி எடுத்தவரின் சிறுநீரில் சோடியம் 50 வந்தால் நீர்க்குறைவு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிகுதியான பைகார்பனேட் வெளியே போகும்போது சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். குளோரைடைப் பார்க்க வேண்டும். அது 8 என்றால் உண்மை அதில்தான் இருக்கிறது.

வெப்பத் தாக்கத்தில் சிறுநீரகமே அடிபட்டுவிட்டதா என்று பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு: வடிகட்டிய சோடியத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது? 1976-இல் எஸ்பினெல் சொன்னது இது. ஒரு சதவீதத்துக்குக் கீழே என்றால் நீர்க்குறைவுதான், சிறுநீரகத் திசு பிழைத்திருக்கிறது. இரண்டுக்கு மேல் என்றால் திசுவே சேதம். ஆனால் உழைப்பும் வெயிலும் சேர்ந்து தசைகள் நொறுங்கி, அவற்றின் சிவப்புப் புரதம் சிறுநீரகத்தை அடைத்திருந்தால், சேதம் இருந்தும் எண் ஒன்றுக்குக் கீழேயே நிற்கலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தால் சதவீதத்தை ஒதுக்கிவிட்டுத் தசை நொதியான கிரியேட்டின் கைனேஸை உடனே அளக்க வேண்டும்.

வலிப்போ நினைவிழப்போ வந்தவருக்குச் சிறுநீருக்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. அது உயிரோடு விளையாடுவது. மற்றவர்களுக்கு ஊசி குத்துவதற்கு முன் ஒரு குப்பி வாங்கி வைக்க இரண்டு நிமிடம் போதும். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கிரியேட்டினின் நான்கையும் அதே நேரத்து ரத்தத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஆலையின் முதலுதவி அறையில் இந்த இயந்திரம் இல்லாவிட்டாலும் கவலையில்லை; மூடிய குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்தால் இந்த உப்புகள் சில மணி நேரத்தில் மாறிவிடுவதில்லை, ஆம்புலன்ஸோடு போய்ச் சேரலாம். குப்பியின் மேல் எடுத்த நேரம், ட்ரிப்ஸ் தொடங்கிய நேரம், நோயாளி சாப்பிடும் மாத்திரைகள், சூட்டு வேலையில் சேர்ந்து எத்தனை நாள் என்பதையெல்லாம் எழுதி ஒட்ட வேண்டும். முயன்றும் சிறுநீர் வரவில்லை என்றால், கடைசியாக எத்தனை மணிக்குப் போனார் என்று கேட்டு அந்த நேரத்தைக் குறித்து அனுப்ப வேண்டும்.